மரபணுப் பரிசோதனைக்குச் செல்லும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி: குடும்ப வரைபடம் முதல் மறு ஆய்வு வரை

குழந்தையின் வளர்ச்சி தாமதமாவதைக் கவனித்த குழந்தைநல மருத்துவரோ, நாற்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணுக்குச் சிகிச்சை அளிக்கும் புற்றுநோய் மருத்துவரோ, மரபணுப் பரிசோதனை ஒன்றை எழுதித் தரும்போது, பெரும்பாலான குடும்பங்கள் அதை இன்னொரு ரத்தப் பரிசோதனையாகவே எடுத்துக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போய்விடுகின்றன. சில வாரங்கள் கழித்துப் பல பக்கங்கள் கொண்ட அறிக்கை கைக்கு வருகிறது. அதில் இருப்பது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்பதுகூட வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. அப்படிப்பட்ட நிலையில் முதன்முறையாக நிற்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பரிசோதனைக்கு முன் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, குடும்ப வரலாறு எவ்வளவு சரியாகச் சொல்லப்பட்டது, வந்த முடிவு நோயாளியின் உடலில் தெரியும் அறிகுறிகளோடு எவ்வளவு கவனமாகப் பொருத்திப் பார்க்கப்பட்டது ஆகிய மூன்றிலும்தான் மரபணுப் பரிசோதனையின் பயன் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இயந்திரம் எவ்வளவு நவீனமானது என்பது அதற்குப் பிறகுதான்.

படிகளுக்குள் போவதற்கு முன் சற்றுப் பின்னணி தேவை. நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருக்கும் டிஎன்ஏவின் முழுத் தொகுதியையே ஜீனோம் என்கிறோம். பெற்றோர் ஒருவரிடமிருந்து நாம் பெறும் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. இந்த எழுத்துகளை வரிசையாகப் படிப்பதற்காக 1990-இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் 2003 ஏப்ரலில் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஏறத்தாழ எட்டு விழுக்காடு அப்போதைய தொழில்நுட்பத்துக்கு எட்டாமல் இருந்து, 2022-இல்தான் முழுமையாகப் படித்து வெளியிடப்பட்டது. மருத்துவத்துக்கு இவற்றைவிட முக்கியமான எண் வேறொன்று: நாம் ஒவ்வொருவரும், ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் பொது ஜீனோமிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறோம். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே, ஒருவரின் டிஎன்ஏவில் மாறுபாடு இருப்பதில் வியப்பு எதுவும் இல்லை. அத்தனை லட்சங்களுக்கு இடையில் இந்த நோயாளியின் இந்த நோய்க்குக் காரணமான ஒன்றையோ இரண்டையோ கண்டெடுப்பதுதான் மரபணு மருத்துவத்தின் வேலை.

படி 1: எதற்காகப் பரிசோதனை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

மருத்துவரிடம் கேட்டு, பரிசோதனையின் நோக்கத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "என் மகனின் தசைத் தளர்ச்சிக்குக் காரணம் என்ன?" என்பது நோய் கண்டறிவதற்கான கேள்வி. "அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது, எனக்கும் வர வாய்ப்பு உண்டா?" என்பது வருங்கால ஆபத்தைப் பற்றிய கேள்வி. "நாங்கள் இருவரும் தலசீமியாவின் கேரியர்களா?" என்பது பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றியது. தலசீமியா என்பது பரம்பரையாக வரும் ரத்தசோகை நோய்; தனக்கு நோய் இல்லாமல் பழுதான மரபணுப் பிரதி ஒன்றைச் சுமப்பவரே கேரியர். "இந்த மருந்து என் உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்பது இன்னொரு வகை. இவை ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை வேறு, யாரிடமிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பது வேறு, முடிவைப் படிக்கும் முறையும் வேறு. கேள்வியே இல்லாமல், "எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம்" என்று விளம்பரம் பார்த்துச் செய்துகொள்ளும் பரிசோதனைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறிப்பாக, எச்சிலை அனுப்பினால் சர்க்கரை நோய், மாரடைப்பு முதல் குழந்தையின் படிப்புத் திறமை வரை சொல்லிவிடுவதாகக் கூறும் விற்பனைகளுக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோய் போன்றவற்றில் நூற்றுக்கணக்கான இடங்களின் சிறு சிறு பங்களிப்பும், உணவும், உடலுழைப்பும் கலந்து செயல்படுகின்றன. இத்தகைய கணக்கீடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளிலிருந்து உருவானவை என்பதால் நம்மவர்களிடம் அவற்றின் துல்லியம் மேலும் குறைகிறது.

படி 2: குடும்ப வரைபடத்தை வீட்டிலேயே வரையுங்கள்

செலவே இல்லாத இந்தப் படியில்தான் பெரும்பாலான குடும்பங்கள் அவசரப்படுகின்றன. மரபணு ஆலோசகர் முதல் சந்திப்பில் மூன்று தலைமுறை வரைபடத்தைக் கேட்பார். அதை முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு போனால் அந்த அரை மணி நேரம் உண்மையான ஆலோசனைக்குக் கிடைக்கும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவரின் குறியீட்டை நிரப்பிவிடுங்கள். இறந்தவரின் குறியீட்டின் மேல் சாய்வாக ஒரு கோடு. கணவன், மனைவிக்கு இடையில் ஒரு கோடு. அவர்கள் ரத்த உறவினராக இருந்தால் இரட்டைக் கோடு. ஒவ்வொருவருக்கும் என்ன நோய், எந்த வயதில் தொடங்கியது, எந்த வயதில் இறந்தார் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நம் குடும்பங்களில் இதை வரையும்போது சில இடங்களில் கூடுதல் கவனம் தேவை. அம்மாவின் உடன்பிறந்தவரையும் மாமா என்கிறோம், அத்தையின் கணவரையும் மாமா என்கிறோம். முன்னவர் ரத்த உறவு, பின்னவர் வேறு வழியில் உறவாக இல்லாதவரை மணவழி வந்தவர். ஆகவே முறைப்பெயரோடு நிறுத்தாமல், "அம்மாவின் தம்பி", "அப்பாவின் அக்காள் கணவர்" என்று விரித்து எழுதுங்கள். பிறந்து சில நாட்களில் இறந்த குழந்தைகள், தொடர்ந்து கலைந்த கருக்கள், "வலிப்பு வந்து போய்விட்டான்" என்று மட்டும் சொல்லப்படும் பெரியப்பா மகன், எங்கோ விடுதியில் சேர்க்கப்பட்டு வீட்டில் யாரும் பேசாத அத்தை ஆகியோரைப் பற்றிய செய்தி வயதான பாட்டியிடமோ பெரியம்மாவிடமோதான் இருக்கும். அவர்களிடம் தனியாக உட்கார்ந்து, பழி சொல்வதற்காகக் கேட்கவில்லை என்பதைப் புரியவைத்துக் கேளுங்கள். தாய்வழியில் ஆண் குழந்தைகள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு செய்தியே எக்ஸ் குரோமோசோம் சார்ந்த நோயை மருத்துவர் யோசிக்கப் போதுமானது.

உறவுத் திருமணத்தை மறைக்காதீர்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ரத்த உறவுக்குள் நடக்கும் திருமணங்களின் பங்கு நாட்டிலேயே தமிழ்நாட்டில்தான் அதிகம். அது சுமார் 28 விழுக்காடு. அத்தை மகன், மாமன் மகள் தமக்குள் டிஎன்ஏவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் கால் பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு மரபணுவின் பழுதான பிரதி தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு வகை நோய்கள் இத்தகைய திருமணங்களில் பிறக்கும் குழந்தைகளிடம் வெளிப்படும் வாய்ப்பு கூடுவது இதனால்தான். இப்படித் திருமணம் செய்துகொண்டவர்களின் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. எனவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆய்வகம் எந்த வகை மாறுபாட்டை முதலில் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு கிடைப்பது அரிது.

சமூகத்தின் பெயரையும் சொந்த ஊரையும் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். பல தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் செய்துவந்த சமூகங்களில், ஒரு முன்னோரிடம் இருந்த மாறுபாடு பலரிடம் பரவியிருக்கும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் நடத்தியது, தெற்காசியாவின் பல சமூகங்களில் இந்த விளைவு பின்லாந்து மக்களிடமும், கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட வலுவாக இருப்பதைக் காட்டியது. இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆரிய வைசியர் சமூகம். அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தத் தரப்படும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் சிதைக்கும் நொதி இச்சமூகத்தினரில் சிலருக்கு மிகக் குறைவாக இருக்கிறது. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் மருந்து இவர்களுக்கு மணிக்கணக்கில் நீடித்து, மூச்சுத் தசைகள் மீளும்வரை செயற்கைச் சுவாசத்தில் வைத்திருக்க நேரிடுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து மருத்துவரிடம், "எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்தும் நெடுநேரம் மூச்சு வரவில்லை" என்று ஒரு வரி சொன்னால், அவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

படி 3: எந்தப் பரிசோதனை என்பதை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு மரபணுப் பரிசோதனையும் குறிப்பிட்ட அளவு கண்களைக் கொண்ட வலை. அந்த அளவுக்குப் பொருந்தாத மீன் அதில் சிக்காது. விலை அதிகமான பரிசோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்பது புதிதாக வருபவர்களிடம் பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை. மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை, ஜீனோமில் ஒன்று முதல் இரண்டு விழுக்காட்டையே படிக்கிறது. அறியப்பட்ட நோய்க் காரணங்களில் பெரும்பகுதி அங்கேயே இருப்பதால் அது மிகவும் பயனுள்ளது. ஆனால் பின்வரும் நிலைகளில் எக்ஸோமை முதலில் செய்வது பணத்தையும் காலத்தையும் வீணாக்கும்.

டவுன் நோய்க்குறி என்ற ஐயம் இருந்தால், குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கும் கேரியோடைப் போதும். தெளிவான காரணமின்றி வளர்ச்சித் தாமதமும் பிறவிக் குறைபாடுகளும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு, குரோமோசோமில் சிறு துண்டுகள் விடுபட்டிருப்பதையோ இரட்டித்திருப்பதையோ காட்டும் மைக்ரோஅரே பரிசோதனை பெரும்பாலும் முதலில் செய்யப்படுகிறது. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றான ஃப்ரஜைல் எக்ஸ் நோய்க்குறியில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று 200 முறைக்கும் மேல் திரும்பத் திரும்ப வருகிறது. வழக்கமான எக்ஸோம் முறை இத்தகைய நீண்ட திரும்பல்களை எண்ணாது, அதற்கென்று தனிப் பரிசோதனை உண்டு. டூஷேன் தசைச் சிதைவு நோயில் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு மரபணுவின் ஒரு பகுதியே விடுபட்டிருப்பதால், மரபணுவின் பகுதிகள் விடுபட்டுள்ளனவா என்று காட்டும் எம்எல்பிஏ என்ற பரிசோதனையை முதலில் செய்கிறார்கள். முதுகுத் தண்டுவடத் தசை நலிவு நோயான எஸ்எம்ஏவில் நிலைமை இன்னும் சிக்கலானது: காரணமான எஸ்எம்என்1 மரபணுவுக்கு ஏறத்தாழ அச்சு அசலான இரட்டையாக எஸ்எம்என்2 அருகிலேயே இருப்பதால், வழக்கமான வரிசையாக்கம் இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடும். தளர்ந்த கைகால்களோடு இருக்கும் கைக்குழந்தைக்கு எக்ஸோம் அறிக்கை "ஒன்றும் இல்லை" என்று வந்தால், எஸ்எம்ஏ தனியாகப் பார்க்கப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். இந்நோய்க்கு இன்று மூன்று மருந்துகள் இருக்கின்றன. அவை அறிகுறிகள் முற்றுவதற்கு முன் தொடங்கப்பட்டால்தான் முழுப் பலனைத் தருகின்றன.

தலசீமியா கேரியரா என்று அறிய, முதலில் டிஎன்ஏ பரிசோதனை தேவையில்லை. முழு ரத்த எண்ணிக்கையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி பரிசோதனையும் போதும். அதில் ஏ2 வகை ஹீமோகுளோபின் 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்று ஐயுற்று மேற்கொண்டு பார்ப்பார்கள். திருமணத்துக்கு முன்போ கருத்தரிப்பதற்கு முன்போ இதைச் செய்துகொள்வது எளிது.

நோய் கண்டறிவதற்காக எக்ஸோமோ முழு ஜீனோமோ செய்வதாக இருந்தால், குழந்தையோடு தாய், தந்தை இருவரின் மாதிரியையும் சேர்த்துப் படிக்க வசதி உண்டா என்று கேளுங்கள். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாறுபாடு எது, இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை எவை என்பது அப்போது உடனே தெரிந்துவிடும். செலவு கூடினாலும், பல வீடுகளில் மாதக்கணக்கான குழப்பத்தை இது தவிர்க்கிறது.

படி 4: கையெழுத்திடுவதற்கு முன் ஆலோசனை பெறுங்கள்

ஒப்புதல் படிவத்தை ரத்தம் எடுக்கும் மேசையில் நீட்டினால், அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதில் நான்கு செய்திகளைத் தேடுங்கள். தேடிய நோய்க்குத் தொடர்பில்லாமல், பிற்காலத்தில் புற்றுநோயோ இதய நோயோ வரக்கூடும் என்று காட்டும் மாறுபாடு தற்செயலாகத் தெரிந்தால் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்ற விருப்பம் கேட்கப்பட்டிருக்கிறதா? மீதமுள்ள மாதிரியும் தரவும் எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும்? அவை பெயர் நீக்கப்பட்டு ஆராய்ச்சிக்குத் தரப்படுமா, அதை மறுக்க முடியுமா? தரவுக் கோப்பு உங்களுக்குத் தரப்படுமா? பெற்றோரையும் சேர்த்துப் பரிசோதிக்கும்போது, குடும்பத்தில் சொல்லப்பட்டுவந்த உறவுமுறை டிஎன்ஏவோடு பொருந்தாமல் போகலாம் என்பதையும் நல்ல ஆலோசகர் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுவார்.

பெரியவர்களான பிறகே தோன்றுகிற, சிறுவயதில் அறிவதால் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராத நோய்களுக்குக் குழந்தைகளைப் பரிசோதிப்பதில்லை என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி. அந்த முடிவை எடுக்கும் உரிமை வளர்ந்தபின் அந்தக் குழந்தைக்கே உரியது.

காப்பீட்டைப் பற்றியும் இந்தக் கட்டத்திலேயே யோசியுங்கள். அமெரிக்காவில் 2008-இல் நிறைவேறிய சட்டம் உடல்நலக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்கிறது. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மரபணுக் கோளாறுகள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக விலக்கும் காப்பீட்டு நிபந்தனை பாகுபாடானது என்று தீர்ப்பளித்தது. என்றாலும், உங்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் பரிசோதனைக்கு முன்பே எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.

படி 5: மாதிரி கொடுத்தல்

பெரும்பாலும் ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லிலிட்டர் ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் சொல்லிவிடுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் ரத்தத்தில் இருப்பது கொடையாளியின் டிஎன்ஏ என்பதால், அவருக்குத் தோல் மாதிரி போன்ற வேறு வழி தேவைப்படும். புற்றுநோயாளியிடம் கட்டியின் திசுவைப் பரிசோதிப்பதும் ரத்தத்தைப் பரிசோதிப்பதும் வேறு வேறு: கட்டியில் மட்டும் தோன்றிய மாற்றம் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும், பிள்ளைகளுக்குப் போகாது, ரத்தத்திலும் இருக்கும் மாறுபாடு குடும்பத்தோடு தொடர்புடையது.

படி 6: அறிக்கையைப் படித்தல்

முதல் பக்கத்தில் நோயாளியின் பெயர், வயது ஆகியவற்றுக்கு அடுத்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த அறிகுறிகள் அச்சிடப்பட்டிருக்கும். அவை சரியா என்று முதலில் பாருங்கள். ஆய்வகம் ஆயிரக்கணக்கான மாறுபாடுகளை வடிகட்டுவது அந்த அறிகுறிகளை வைத்துத்தான். "வலிப்பு" என்று மட்டும் எழுதி, காது கேளாமையை விட்டுவிட்டிருந்தால் தேடலே திசைமாறியிருக்கும்.

அடுத்து வருவது ஒரு சிறிய அட்டவணை. அதன் ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம். மரபணு என்ற கட்டத்தில் பிஆர்சிஏ1 (மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு), மாறுபாடு என்ற கட்டத்தில் "சி.68_69டெல்", அதற்கடுத்து ஹெட்டிரோசைகஸ், கடைசியில் பேத்தோஜெனிக் என்று ரோமன் எழுத்துகளில் இருக்கும். இதன் பொருள்: பிஆர்சிஏ1 மரபணுவின் புரதக் குறிப்பில் 68-ஆம், 69-ஆம் எழுத்துகள் விடுபட்டுள்ளன. செல் இந்தக் குறிப்பை மூன்று மூன்று எழுத்துகளாகப் படிப்பதால், இரண்டு எழுத்துகள் போனதும் அதற்குப் பிந்தைய வாசிப்பு முழுவதும் இடம்பெயர்ந்து, சற்றுத் தொலைவிலேயே "நிறுத்து" என்ற குறி தவறாகத் தோன்றி, புரதம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. ஹெட்டிரோசைகஸ் என்றால் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இது இருக்கிறது. இதே மாறுபாடு பழைய அறிக்கைகளில் "185டெல்ஏஜி" என்று எழுதப்பட்டிருக்கும். அக்காளின் பழைய அறிக்கையில் ஒரு பெயரும் தங்கையின் புதிய அறிக்கையில் இன்னொரு பெயரும் இருந்தால் பதறாமல், இரண்டும் ஒன்றா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். அஷ்கெனாசி யூதர்களிடம் மிகுதியாக அறியப்பட்ட இந்த மாறுபாடு, தென்னிந்தியப் பெண்களிடம் நடந்த ஆய்விலும் அடிக்கடி காணப்பட்டிருக்கிறது.

கடைசிக் கட்டத்தில் உள்ள வகைப்பாடுதான் மிக முக்கியம். 2015-இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வெளியிட்ட நெறிமுறையின்படி மாறுபாடுகள் ஐந்து வகை: நோய் உண்டாக்குவது, பெரும்பாலும் நோய் உண்டாக்கக்கூடியது, பொருள் தெளிவாகாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. முதல் இரண்டையும் வைத்து மருத்துவர் முடிவெடுக்கலாம். நடுவில் உள்ள, வியூஎஸ் என்று சுருக்கமாக எழுதப்படும் பொருள் தெளிவாகாத மாறுபாட்டை மட்டும் வைத்து அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதோ, கருவைக் கலைப்பதோ, மகளின் திருமணப் பேச்சை நிறுத்துவதோ கூடவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் அழுத்திச் சொல்லுங்கள்.

இந்தியக் குடும்பங்களின் அறிக்கைகளில் வியூஎஸ் மிகுதியாக வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மாறுபாடு நலமாக வாழும் பலரிடம் இருந்தால் அது தீங்கற்றது என்று விலக்கிவிடலாம். அப்படி ஒப்பிட உலகெங்கும் பயன்படும் நோமாட் தொகுப்பில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகள் இருந்தாலும், தெற்காசியர் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே பலரிடம் சாதாரணமாக இருக்கும் மாறுபாடு அங்கே அரிதாகத் தெரிவதால் சந்தேகப் பட்டியலில் நின்றுவிடுகிறது. இந்தக் குறையைத் தீர்க்கவே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் ஜீனோம் இந்தியா திட்டத்தைத் தொடங்கி, நாட்டின் பல்வேறு சமூகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் முழு ஜீனோமைப் படித்தது. 2025 ஜனவரி முதல் அத்தரவுகள் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்த ஒவ்வொருவரும் முகமறியாத ஒரு குழந்தையின் அறிக்கையைத் தெளிவாக்கியிருக்கிறார்கள் என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

"எதுவும் கண்டறியப்படவில்லை" என்ற முடிவுக்கு நோய் இல்லை என்று பொருளில்லை. எக்ஸோம் செய்துகொள்ளும் பல நோயாளிக் குழுக்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே காரணம் தெரியவருகிறது. அறிக்கையின் இறுதியில் சிறிய எழுத்தில் இருக்கும் வரம்புகள் என்ற பகுதியில் அந்தப் பரிசோதனை எவற்றைப் பார்க்கவில்லை என்று எழுதியிருப்பார்கள்; படி 3-இல் சொன்னவற்றோடு அதை ஒப்பிட்டுப் படியுங்கள்.

படி 7: முடிவை மருத்துவமாக மாற்றுதல்

மேலே கண்ட பிஆர்சிஏ1 மாறுபாடு உள்ள பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 விழுக்காட்டுக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இளம் வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, பின்னர் மேமோகிராம், குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளை அகற்றுவது பற்றிய ஆலோசனை என்று அவருக்கான பாதை மாறுகிறது. ஏற்கெனவே புற்றுநோய் இருந்தால் செல்கள் டிஎன்ஏ பழுதைச் சரிசெய்ய உதவும் பார்ப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஒலாபரிப் போன்ற மருந்துகள் பொருந்துமா என்று பார்ப்பார்கள். அடுத்து, அவருடைய தம்பி, அக்காள், சித்தி ஆகியோருக்குச் செய்தி போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் இருக்கும் வாய்ப்பு சரிபாதி வரை. ஆண்களும் இதைப் பெற்றுப் பிள்ளைகளுக்குக் கடத்துவார்கள். குடும்பத்தில் மாறுபாடு இன்னதென்று தெரிந்துவிட்டபின் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் செலவு வெகுவாகக் குறைகிறது. அறிக்கையின் நகலை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் எந்த இடத்தைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது.

மருந்து சார்ந்த முடிவுகள் இன்னும் நேரடியானவை. வலிப்புக்குத் தரப்படும் கார்பமசிபின், எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்துபோகும் உயிராபத்தை உண்டாக்கக்கூடும். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தரும் மெர்காப்டோபியூரின், என்யூடிடி15 மரபணுவில் மாறுபாடு இருந்தால் வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். இந்த மாறுபாடு ஆசியர்களிடம் அதிகம். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் உட்கொள்ளும் குளோபிடோக்ரெல், சிஒய்பி2சி19 நொதி சரியாக வேலை செய்யாதவர்களின் உடலில் போதிய அளவு செயலுருவம் பெறுவதில்லை. இத்தகைய முடிவு வந்தால் ஒரு சிறிய அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கான மரபணு முடிவு வாழ்நாள் முழுவதும் மாறாது.

நோயின் வேரையே சரிசெய்யும் மரபணுச் சிகிச்சையும் தொலைவில் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியா ஏ தீவிரமாக உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்களிலேயே உறைவுக் காரணி எட்டுக்கான மரபணுவைச் சேர்த்துச் செலுத்திய ஆய்வின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. பின்தொடர்ந்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவுகள் நின்றிருந்தன. மிகச் சிறிய ஆய்வுதான். ஆனாலும் தன் மாறுபாடு எது என்று துல்லியமாக அறிந்தவரே இத்தகைய ஆய்வுகளில் சேர முடியும். அரிய நோய்களுக்கு, 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. அதற்கும் உறுதி செய்யப்பட்ட நோயறிதல் தேவை.

படி 8: அடுத்த குழந்தையைத் திட்டமிட்டால் காலத்தைக் கணக்கிடுங்கள்

பெற்றோர் இருவரும் ஒரே ஒடுங்கு வகை நோயின் கேரியர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு; முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று எண்ணுவது தவறு. நஞ்சுக்கொடித் திசு மாதிரி பொதுவாக 11 முதல் 13 வாரங்களிலும், பனிக்குட நீர் 16 வாரங்களை ஒட்டியும் எடுக்கப்படுகின்றன. நோயாளிக் குழந்தையின் மாறுபாடு தெரியாமல் கருவைப் பரிசோதிக்க முடியாது. அதைக் கண்டறிய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே கருத்தரிப்பதற்கு முன்பே எல்லா அறிக்கைகளும் கையில் இருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்பரிசோதனைகளைப் பதிவு பெற்ற மையங்களில் மட்டுமே செய்யலாம். கருவின் பாலினத்தைச் சொல்வதும் கேட்பதும் குற்றம்.

படி 9: கோப்பைப் பாதுகாத்து, மீண்டும் போங்கள்

அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும், ஒப்புதல் படிவத்தின் நகலையும், கண்டறிந்த மாறுபாடுகளின் பட்டியலாக ஆய்வகம் தரும் விசிஎஃப் கோப்பையும், முடிந்தால் மூலத் தரவான ஃபாஸ்ட்க்யூ கோப்பையும் வன்தட்டில் சேமித்து வையுங்கள். ஆண்டுதோறும் புதிய நோய் மரபணுக்கள் கண்டறியப்படுவதால், காரணம் தெரியாமல் போன தரவை ஓரிரு ஆண்டுகள் கழித்து மறு ஆய்வு செய்யும்போது, புதிதாக ரத்தம் எடுக்காமலேயே சிலருக்கு விடை கிடைக்கிறது. வியூஎஸ் என்று எழுதப்பட்டதும் அப்போது வேறு வகைக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அப்படி மாறுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்ற பக்கமே போகின்றன. ஆய்வகம் தானாக அழைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது, முந்தைய அறிக்கைக்குப் பிறகு குழந்தையிடம் தோன்றிய புதிய அறிகுறிகள், குடும்பத்தில் யாருக்கேனும் புதிதாகத் தெரியவந்த நோய்கள், புதிதாகச் சேர்ந்த உறவினர்களோடு திருத்திய குடும்ப வரைபடம், படி 1-இல் எழுதிய கேள்வித் தாள் ஆகியவற்றை எடுத்துச் சென்று, "இந்தத் தரவை மறு ஆய்வுக்கு அனுப்ப முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா, எவ்வளவு நாளாகும்?" என்று மரபியல் மருத்துவரிடம் கேளுங்கள்.